நாலாவது நாற்காலி

"மெதுவாப் போம்மா! மலை எங்கேயும் ஓடிடாது," என்று கத்தினார் டிக்கெட்காரர்.

முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவி நின்று திரும்பினாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. இவருக்கோ சட்டை தொப்பலாக நனைந்து, முழங்கால் இரண்டும் கெஞ்சின.

"நான்தான் சொன்னேனே, உங்களால முடியாதுன்னு."

"யார் முடியலைன்னது? ரசிச்சுக்கிட்டு வர்றேன்."

கடலோரப் பாறை உச்சியில் இருக்கும் பழைய கோட்டையின் வாசலில் டிக்கெட் கொடுத்துக் கொடுத்தே அவருக்குத் தலை நரைத்தது. கட்டிய ராஜாகூட அத்தனை காலம் அந்தக் கோட்டையில் இருந்திருக்க மாட்டான். கோட்டைக்குப் பின்னால் அதைவிட உயரமாக ஒரு குன்று. மேலே ஏறிப் பார்த்தால் கோட்டையும் கடலும் ஒன்றாகத் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் கை நீட்டி வழி காட்டியவர், தான் மட்டும் ஒரு நாளும் ஏறியதில்லை.

கல்யாணமான புதிதிலிருந்தே மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்களேன்."

"ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் நெட்டித் தள்ளுது. ஜன்னலை விட்டு எப்படி எழுந்திரிக்கிறது?" என்பார் இவர். வருஷக்கணக்காக இதே கேள்வி, இதே பதில். அப்புறம் ஒரு கட்டத்தில் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். ஞாயிறு மதியமானால் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அப்பாடா என்றிருந்தது இவருக்கு.

போன மாதம் ஓய்வு பெற்றார். 'இனிமேலாவது நாம ரெண்டு பேரும்...' என்று இவர் ஆரம்பிப்பதற்குள், "நான் பொண்ணு வீட்டோட போய் இருந்துக்கறேன். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு வேலைக்குப் போக முடியாமத் திண்டாடுறா," என்று சொல்லிவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை.

"எப்போ திரும்பி வருவே?"

"பார்க்கலாம்."

இன்று ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி அவளுக்கு ரயில். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அவளைக் குன்றுக்கு இழுத்து வந்துவிட்டார். எப்படியாவது மனசை மாற்றிப் பயணத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

"பார்த்து, அந்தக் கல்லு ஆடும்," என்றாள் அவள்.

கால் வைத்தார். ஆடியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுதே. வாங்க, அந்த வளைவுல உட்கார ஒரு பெஞ்சு இருக்கும்."

இருந்தது. இவள் அக்கா சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, பொத்தென்று உட்கார்ந்தார். தண்ணீர் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் பெரிய தப்புப் பண்ணிட்டேம்மா. வேலை, வேலைன்னே கிடந்துட்டேன். ஊர்ல இருக்கறவனையெல்லாம் இந்த மலைக்கு அனுப்பினேன். உன்னை ஒரு நாள் கூட்டிட்டு வரத் தோணலையே எனக்கு."

"விடுங்க. வேலைன்னா என்ன பண்றது?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அப்போ ராத்திரி போகலைதானே?"

"முதல்ல மேல வாங்க," என்று எழுந்துகொண்டாள்.

உச்சிக்கு வந்ததும் காற்று ஆளையே தள்ளியது. காலுக்குக் கீழே கோட்டை, அதற்கும் கீழே கண் எட்டும் வரை கடல். "அடேங்கப்பா!" என்று வாயைப் பிளந்தார். இதைப் பார்க்காமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டதே என்று நெஞ்சு கனத்தது.

அதற்குள் பைனாகுலர் வாடகைக்குக் கொடுப்பவர் ஓடி வந்தார். "வாங்கக்கா! ஒரு மாசமா ஆளையே காணோமே, உடம்புக்கு ஏதும் முடியலையோ?" என்றபடி, கேட்காமலே ஒரு பைனாகுலரை அவள் கையில் கொடுத்தார்.

டிக்கெட்காரர் திருதிருவென்று விழித்தார். "நீ... இங்க வந்திருக்கியா?"

அவள் பைனாகுலரைக் கோட்டைப் பக்கம் திருப்பிச் சரிபார்த்து அவரிடம் நீட்டினாள். "பாருங்க."

கோட்டையின் பின்முற்றம் தெரிந்தது. நாலு பக்கமும் உயரமான மதில். தெருவில் நின்று பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது. இங்கிருந்து எல்லாமே தெரிந்தது. மரத்தடியில் ஒரு மேஜை, சுற்றி நாலு நாற்காலி. வாட்ச்மேன், எலெக்ட்ரீஷியன், தோட்டக்காரர் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் பைனாகுலரைக் கீழே இறக்கினார்.

"நீங்க வர மாட்டேன்னதும், ஒரு ஞாயித்துக்கிழமை நானே தனியா வந்தேன்," என்றாள். "வர்ற வழியில பார்த்தா டிக்கெட் ஜன்னல்ல வேற ஆளு. உங்களுக்குத்தான் என்னவோ ஏதோன்னு நினைச்சுக்கிட்டே ஏறினேன். மேல வந்து பார்த்தா, நீங்க அங்க உட்கார்ந்து சீட்டு கலைச்சுக்கிட்டு இருக்கீங்க."

"அன்னைக்கே... என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே..."

"கேட்டிருந்தா அடுத்த வாரமே கூட்டிட்டு வந்திருப்பீங்க. எனக்கு வேண்டியது அது இல்லை." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அதுக்கப்புறம் அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டு வாராவாரம் வந்தேன். ஒரு வாரமாவது அந்த நாலாவது நாற்காலி காலியா இருக்காதான்னு பார்க்கத்தான்."

பைனாகுலரை வாங்கித் தன் கண்ணில் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தாங்க காலியா இருக்கு," என்று சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறதென்று இறங்க ஆரம்பித்தாள்.