இறாலைக் காத்த திருநீறு

“தின்கிற தீவனத்துல ஆசிட்டைக் கலப்பாங்களா? இறாலு வெந்து செத்துப்போகும் புள்ள!”

முள்ளுக்குறிச்சியில், தம் இறால் குட்டைக் கரையில் நின்று முழங்கினார் காத்தான். மனைவி ராசம்மாள் வாங்கி வந்திருந்த கரிம அமிலப் பொடி டப்பாவை ஊரார் முன்னிலையில் கவிழ்த்துக் கொட்டினார்.

“கொட்டுனது போதுமுங்க, மிதிக்காதீங்க!” ராசம்மாள் பதறினாள். “இறாலுக்குச் செரிமானமும் நோயைத் தாங்குற தெம்பும் அந்த ஆசிட்டுதானுங்க குடுக்கும்.”

“அதையெல்லாம் மலைக்கோயில் திருநீறு குடுக்கும்!” என்று அவர் காலால் தேய்த்தே தீர்த்தார்.

அன்றுமுதல் பூசையறைப் பையிலிருந்த வெண்பொடியைத் தம் கையாலேயே தீவனத்தில் கலந்தார். பக்கத்துக் குட்டைகளில் இறால்கள் நோயில் மடிந்தன. காத்தானின் இறால்களோ கொழுத்துத் துள்ளின. அந்தப் பொடியை நெற்றியில் பூசியபோது சுரீரென்று எரிந்தது. தெய்வத்தின் சக்தியென்று மெய்சிலிர்த்தார்.

புகழ் பரவியது. காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மணிமேகலை ஓடிவந்தாள்.

“வாயைத் தொற சாமி” என்று காத்தான் ஒரு பிடிப் பொடியை நீட்டினார்.

பாய்ந்து வந்து அவர் கையைத் தட்டிவிட்டாள் ராசம்மாள்.

“ஐயோ, அதுதானுங்க ஆசிட் பொடி! நீங்க கொட்டிப்போடுவீங்கன்னு தெரிஞ்சு முன்னாடியே மாத்தி வெச்சுட்டேன். மணி, புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு!”

காத்தான் தம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “அப்போ... திருநீறு?”

ராசம்மாள் அவர் கால்களைப் பார்த்தாள்.

“அந்த டப்பாவுல இருந்துச்சுங்க.”