நேர்முகத் தேர்வில் ஒரு கணக்கு

“உங்க திறமையை எல்லாம் காட்டிட்டு வாங்க” என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடமாக வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த எனக்கு, கணக்காளர் வேலைக்கு அன்று நேர்முகத் தேர்வு.

முதலாளி ஒரு காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். “வருஷ ஆரம்பத்துல வாடிக்கைக்காரங்க பாக்கி எட்டு லட்சம். வருஷத்துல அவங்க கட்டினது நாற்பது. முடிவுல பாக்கி பன்னிரண்டு. தள்ளுபடி, திரும்பி வந்த சரக்கு எதுவும் இல்ல. கடனுக்கு எவ்வளவு வித்திருப்போம்?”

“வசூலோட கடைசி பாக்கியைக் கூட்டி, பழைய பாக்கியைக் கழிச்சா நாற்பத்து நாலு லட்சம் சார்.” பேனாவைக்கூட நான் தொடவில்லை. கால்மேல் கால் போடாததுதான் குறை.

“ஒருத்தர் ஐம்பதுன்னு சொல்றாரே?”

“விற்பனைக்குக் கமிஷன் உண்டா சார்?”

“உண்டு.”

“அப்போ ஆறு லட்சத்துக்குப் பொய் பில் போட்டிருக்கார். அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது சார்.”

சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

“இது பரீட்சைக் கேள்வி இல்ல தம்பி, எங்க போன வருஷக் கணக்கு. பழைய கணக்காளர் இதைக் கண்டுக்கவே இல்ல. நீங்க நாளைக்கே சேர்ந்துடுங்க.”

உடனே போனை எடுத்து விற்பனை மேலாளரை வரச் சொன்னார்.

முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தவர், என் தோளைத் தட்டிக்கொண்டே கேட்டார்: “நான் சிபாரிசு பண்ணின பையன் எப்படி சார்?”

அவர் என் மாமனார்.