நாலு அளவுக் கல்

காணாமல் போன நாலு அளவுக் கல்லும் செல்லியம்மாவின் கழனியில் சாமியாகி நின்றன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலையில் ஒரு செவ்வரளிப் பூவும் சார்த்தியிருந்தது.

ஹேமநாத்துக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம். ஆனாலும் வரப்பைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டான். அந்தத் தடுமாற்றம் கோபத்தை இன்னும் கிளப்பியது.

மலையடிவாரத்தில் சுற்றுலாக்காரர்களுக்காக ஓடும் பழைய நீராவி ரயிலைப் புத்தூர் ஸ்டேஷன் வரை நீட்டும் வேலைக்கு அவன்தான் சூப்பர்வைசர். இப்போது அந்தக் குட்டி ரயில் மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே வயல் நடுவில் நின்றுவிடுகிறது. மெயின் லைனில் வந்து இறங்குகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் மல்லுக்கட்டித்தான் அதில் போய் ஏற வேண்டும். பொங்கலுக்குள் பாதை வேலை தொடங்காவிட்டால் உன் இடத்தில் வேறு ஆள் என்று ரயிலை நடத்தும் டிரஸ்ட்டில் சொல்லிவிட்டார்கள்.

முந்தாநாள்தான் பக்கத்து நிலத்தில் இந்தக் கற்களை நட்டான். நேற்று வந்து பார்த்தால் குழி மட்டும் இருந்தது.

"யாரு பண்ண வேல இது?"

கடப்பாறையை ஊன்றி நின்ற செல்லியம்மா கொஞ்சமும் அசரவில்லை. "நான் தான் சார். ஒவ்வொன்னா கயிறு கட்டி இழுத்துக்கினு வந்தேன்" என்று உள்ளங்கையைக் காட்டினாள். தோல் உரிந்திருந்தது.

ஹேமநாத் இளகவில்லை. அவனும் பக்கத்து ஊரான நகரிக்காரன்தானே, இந்த விளையாட்டெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டால் போதும், அப்புறம் எவ்வளவு பெரிய ஆபீசர் வந்தாலும் கை வைக்க யோசிப்பார்.

"ஏழு கல்லு நட்டு கன்னிமாருன்னு கும்புடப் போறே. நாலு ஆச்சு, இன்னும் மூணு பாக்கி. அப்புறம் சாமி பக்கத்துல ரயிலு ஓடக் கூடாதுன்னு ஊரக் கூட்டிக்கினு வருவே. அதானே?"

கூட வந்திருந்த கிராம ரெவின்யூ ஆபீசர் பவன்குமார் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கற்களைப் பார்த்தார். "கன்னிமாருன்னா ஒட்டிக்கினு தான சார் நிப்பாங்க. இது நூறடிக்கு ஒண்ணா கீது. நம்பர் கூட பதினாலு, பதினஞ்சுன்னு வரிசையா போவுது."

"நீங்க சும்மா இருங்க" என்றான் ஹேமநாத்.

அளக்க வந்த அன்றைக்கே இந்த அம்மாள் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கத்தியவள். முப்பது வருஷமாக அவள் உழுகிற ரெண்டு ஏக்கர் இது. மாமனார் காலத்தில் யாரோ கையை நீட்டி இதுதான் உன் நிலம் என்று சொன்னதோடு சரி, காகிதம் வரவில்லை, ரெக்கார்டில் பேர் எழுதும் கட்டம் இன்றுவரை காலி.

பேரில்லாத நிலத்துக்கு நோட்டீஸை யாரிடம் கொடுப்பது, விவகாரம் கோர்ட்டுக்குப் போனால் ரயில் எப்போது புத்தூர் போய்ச் சேர்வது? அதனால் பாதையை நூறடி தள்ளி, பக்கத்து ரத்தினம்மாவின் நிலத்தில் போட்டதே ஹேமநாத்தான். "பேரே இல்லாதவ நீ, உன்கிட்ட இன்னா பேச்சு" என்று அன்றைக்கு அவள் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கினான். அவள் கத்தியது எதற்கென்று காது கொடுத்துக் கேட்கவில்லை.

இன்றைக்கும் கேட்கிற மனநிலையில் அவன் இல்லை. "உன் நெலத்தத் தொடாம தான போறோம். அதுக்குச் சந்தோஷப்படாம கல்லப் புடுங்கினு வந்துகீறே. போலீஸக் கூப்புடவா?"

"கூப்புடு. எந்த நெலத்துல நட்டேன்னு அவனும் வந்து எழுதிக்கட்டும்."

திமிரைப் பார் என்று ஹேமநாத் பல்லைக் கடித்தான். பவன்குமார் சமாதானமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக இடையில் புகுந்தார். "ஏம்மா, நெலமே நீ பேர்ல லேது. கல்லு எதுக்கு உனுக்கு?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் முகம் மாறியது. கடப்பாறையை ஓங்கி வீசினாள். அது வரப்பில் போய் விழுந்து உருண்டது. ஹேமநாத் தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனான்.

"லேது, லேது. இல்ல, இல்லன்னு முப்பது வருசமா இதையே தான் கேட்டுக்கினு கீறேன்." ஹேமநாத்தின் பக்கம் திரும்பினாள். "ரத்தினம்மா வூட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டினு போனாங்களே, பாத்தியா? ஓனரு ரத்தினம்மான்னு பெருசா எழுதி, சீல் குத்தி. ரயிலு ஒரு கீத்து நெலத்தத் துன்னுட்டுப் போவும். மீதி அவ பேர்ல நிக்கும்."

ஒரு கல்லின் மேலிருந்து நழுவிய பூவை எடுத்து மறுபடி வைத்தாள்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல சார். நல்ல காரியம் ஆரம்பிக்கிறோமேன்னு தான் மஞ்சா வெச்சேன்."

ஹேமநாத் அப்போதுதான் கற்களைச் சரியாகப் பார்த்தான். பதினாலு முதல் பதினேழு வரை நாலும் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு, நிலத்தை ஊடறுத்துக்கொண்டு, ரயில் போகும் பாதையாகவே புத்தூர் பக்கமாக நேராகப் போயின.

செல்லியம்மா இடுப்பில் செருகியிருந்த பேனாவை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"நெலத்த எடுத்துக்கோ சார். என் பேர எழுதிட்டு எடுத்துக்கோ."