மௌனத்தின் மாண்பு குறித்து நர்மதா

ஆன்மாவை உலுக்காத எழுத்து எழுத்தே அல்ல. அதனால்தான் நாமக்கல் கல்லூரிப் பேராசிரியர் சண்முகவேல், தாம் எழுதிய 'மௌனத்தின் மாண்பு' கட்டுரையையே ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு அட்டையிலும் கையெழுத்திட்டு வகுப்புக்குக் கொடுத்தார்.

"படிச்சுட்டு மனசுல பட்டதை எழுதுங்க. இன்டர்னல் மார்க் உண்டு."

எல்லோருக்கும் ஆன்மா குலுங்கியிருந்தது. பிரீத்திக்கு இரண்டு தடவை. அவளுக்கு முழு மதிப்பெண்.

நர்மதா மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: 'படிக்கப் படிக்க அழுகை வந்தது. போன மாதமே இது கிடைத்திருந்தால் எங்கள் பண்ணைக் கோழிகள் பிழைத்திருக்கும்.'

பேராசிரியர் கொதித்தார். "நாமக்கல்னா எல்லாத்துலயும் கோழிதானா? என்ன, நக்கலா? உனக்கு சைபர்!"

"நெசமாத்தானுங்க ஐயா. ஃபெயில் பண்ணீராதீங்க. எங்கப்பாவுக்கும் படிச்சுக் காட்டுனேனுங்க. அவரும் அழுதுட்டாருங்க."

"என் கட்டுரைல கோழி எங்க இருக்கு? காட்டு!"

அவள் தன் பிரதியை நீட்டினாள். பேராசிரியர் முதல் தடவையாக அட்டையைத் திருப்பினார்.

ஜெராக்ஸ் கடையில் தாள் மாறியிருந்தது. உள்ளே இருந்தது, கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வராமல் தடுக்கும் முறை.

பிரீத்தியின் பிரதியிலும் அதுதான் இருந்தது.