கவிநிலாவின் பட்டியல்

லாஸ்பேட்டை அமுதவல்லி டீச்சருக்கு ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லை. காரணம் அவர் தெருவுக்கே தெரியும், பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியாது.

அந்த அலுப்போடு ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 'நம் ஊர் உயிரினங்கள்' என்று எழுதச் சொன்னால், ஒரு பிள்ளை பென்குவினை எழுதியிருந்தது. புதுச்சேரிக் கடற்கரை அவ்வளவு குளிர் போலிருக்கிறது! சாயங்காலம் கல்வித்துறை அதிகாரி வருகிறார். பிள்ளைகள் இந்த உயிரினங்களைக் கண்டுபிடித்த இடத்தை நேரில் பார்க்க வேண்டுமாம். காட்டுவதற்கு ஒரு புதர்கூட இல்லை.

கடைசி நோட்டு கவிநிலாவுடையது. சாரைப்பாம்பு, கீரி, ஓணான், தவளை, பூரான், ஆந்தை என்று பதினான்கு உயிர்கள்! டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டார்.

"நெட்ல பாத்து எழுதினியாடி?"

"இல்ல டீச்சர். எல்லாம் ஒரே காலி மனைல இருக்கு."

"அடி என் ராசாத்தி! எங்க இருக்கு அந்த மனை? அதிகாரிய அங்கதான் கூட்டிட்டுப் போவணும்."

கவிநிலா நெளிந்தாள்.

"உங்க வீட்டுக்குப் பக்கத்துல டீச்சர். எங்கப்பா முனிசிபாலிட்டில இருக்காரு. அந்த மனையப் பத்தி நீங்க எழுதிக் குடுத்த புகார் அவருகிட்டதான் வந்துச்சு. அதுல ஒண்ணு விடாம வரிசையா எழுதியிருந்தீங்க. அதப் பாத்துதான் எழுதினேன்."

"உங்கப்பா... இப்ப எங்கடி?"

"அங்கதான் டீச்சர். காலைலயே ஜேசிபி எடுத்துட்டுப் போயிட்டாரு. இனிமே டீச்சர் நிம்மதியாத் தூங்கலாம்னு சொல்லச் சொன்னாரு."