வெள்ளை விரல்

மாமியார் சிலுஃப்யா சுவரோரப் பாயில் அமர்ந்திருந்தாள். நாலு வயதாகியும் பேச்சு வராத பேரன் கலூபா அவள் மடியில். கொழுந்தன் கசொண்டே பேனாவுடன் மேசையருகே. மருமகள் முசொண்டா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“உங்க அண்ணனுக்கு எழுதுடா, பெண்டாட்டி முழுகாம இருக்கான்னு.”

“அண்ணி சொன்னாங்களா?”

“சொல்லணுமாக்கும்! தினமும் விரலெல்லாம் வெள்ளை. மசக்கையில நான் தின்னாத வெள்ளை மண்ணா? உன்னைச் சுமந்தப்ப ஒரு கரையான் புத்தையே தின்னேன். அதான் நீ இப்படி மண்ணு மாதிரி இருக்கே! அடுத்ததாவது என்னை வாய் நிறையக் கூப்பிடட்டும்.”

முசொண்டா கீரையைக் கீழே வைத்தாள்.

“அது மண்ணு இல்ல அத்தை, சுண்ணாம்பு. கீரைப் பாத்தியில கலக்குறேன்.”

“கீரைக்கு எதுக்குடி சுண்ணாம்பு?”

“மூடின சுரங்கத்து ஈயம் நம்ம மண்ணுல இருக்கு. சுண்ணாம்பு போட்டா கீரையில கம்மியா ஏறுமாம். கலூபா ரத்தத்துல ஈயம், அதான் பேச்சு வரலைன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அவருக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வரப்போற பிள்ளைக்கு இல்ல அத்தை, இருக்குற பிள்ளைக்கு.”

சிலுஃப்யா பேரனை இறுக அணைத்துக்கொண்டாள்.

“எழுதினதைக் கிழிடா. பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு எழுது. வரும்போது சுண்ணாம்பு மூட்டை கொண்டுவரச் சொல்லு.”

மதியச் சோளக்களியில் ஒரு துளி தொட்டு அவளே உறையை ஒட்டி, மகன் வேலை செய்யும் செம்புச் சுரங்க ஊருக்குப் போகும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள்.