சாலொமோனுக்குத் தொளதொளத்த சட்டை

வீரபாண்டி பனியன் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரம், கரண்ட் இல்லை. ஞாயிறன்று சபையில் முதல்முறையாகப் பேசவேண்டிய கட்டிங் மாஸ்டர் டேனியல், பைபிளில் எழுபத்திரண்டாம் சங்கீதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, அதை ஏசுவுக்கு எப்படிப் பொருத்திப் பேசுவதென்று பேந்தப் பேந்த விழிக்கிறார். "ஏனுங்க மாஸ்டர், சாலொமோன் ராசாவுக்குன்னு மேலயே எழுதியிருக்குது. அதை உங்க ஏசுசாமிக்கு மாட்டறீங்களே, அளவு சேருங்களா?" என்று எட்டிப்பார்த்துச் சீண்டுகிறாள் டைலர் மயிலாள். வெயிலில் பஞ்சுத்தூசி பொன்னாக மிதக்கிறது. ஜன்னலோரம் வெளிநாட்டு ஆர்டரின் சாம்பிள் சட்டை தொங்குகிறது. அதற்குள் யானை குட்டியோடு நுழைந்து கொட்டாவியும் விடலாம், அவ்வளவு பெரிசு. அதையே பார்க்கும் டேனியலின் முகம் மெல்ல மலர்கிறது. "சூரியன் இருக்கற வரைக்கும் கடலுக்குக் கடல் ஆளற ராசான்னு தெச்ச பாட்டுங்க மயிலாக்கா. சாலொமோன் போட்டாரு, தொளதொளன்னு தரையைக் கூட்டுச்சு. அளவெடுத்தது வேற ஒருத்தருக்குங்க." மயிலாள் பதிலுக்கு வாய் திறக்கையில் கரண்ட் வருகிறது. மின்விசிறிக் காற்றில் சட்டையின் நெஞ்சும் கைகளும் நிறைகின்றன, யாரோ போட்டுப் பார்ப்பதுபோல.